ஒரு பதில் பாக்கி

அத்தா பேச வாயைத் திறந்ததும் வசீம் கத்தரிக்கோலைச் சட்டென்று விலக்கினான். மீசையில் வலது பாதி ஒழுங்காகிவிட்டது. இடது பாதி உதட்டின் மேல் வழிந்து கிடந்தது.

“ஏலே, பள்ளியில நீ எந்திரிச்சு நின்னு பேசணும். அது தெரியும்ல ஒனக்கு?”

“இப்ப எதுக்கு அத்தா அதெல்லாம். மூஞ்சிய ஆட்டாம இருங்க.”

“பெறகு எப்ப? மவுத்தானதுக்கு அப்புறம் எங்கிட்ட வந்து கேப்பியா?”

நெய்னா முகம்மதுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராமநாதபுரத்து ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதைச் சொன்ன டாக்டரிடம், எங்களைக் கலந்துகொண்டு முடிவெடுத்தீர்களே, நல்ல முறை என்று பாராட்டிவிட்டு வந்தவர் அவர். உடம்பு வற்றிப்போனதே தவிர வாய் வற்றவில்லை. ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் வசீம் லீவு போட்டுவிட்டு ஓடி வந்து, அந்த வாய்க்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

பள்ளிவாசலில் பேசுவது என்று அவர் சொன்னது ஊர் வழக்கத்தை. மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, தொழுகைக்கு வைத்ததும் மகனோ தம்பியோ சபைக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும். இவர் யாருக்காவது ஏதாவது பாக்கி வைத்திருந்தால் என்னிடம் கேளுங்கள், யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டும். சபை ‘மன்னிச்சுட்டோம்’ என்று முணுமுணுத்த பிறகுதான் தொழுகை. பெரும்பாலும் அது ஒரு சடங்காகவே முடிந்துவிடும். யாரும் எதையும் கேட்பதில்லை.

“எல்லாத்துக்கும் மன்னிப்புக் கேளு,” என்றார் அத்தா. “பேசிப் பேசியே நெறய பேர நோகடிச்சிருக்கேன். ஆனா அந்த ஜமாத் கூட்டத்துல பேசுனதுக்கு மட்டும் கேக்காத. அது தப்பில்ல. தப்பில்லாததுக்கு மன்னிப்புக் கேட்டா அது பொய். மையித்த வச்சுக்கிட்டுப் பொய் சொல்லக் கூடாது.”

சொல்லிவிட்டு, இடது மீசையை வெட்டு என்பதுபோல முகத்தைத் தூக்கிக் காட்டினார்.

அந்தக் கூட்டம் நடந்தபோது வசீம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். தொண்டிக்குத் தெற்கே கடலோரமாக உள்ள சின்ன ஊர் அது. பள்ளிவாசலுக்கு நிலம் எழுதிவைத்தது ஹாஜா முகைதீனின் பாட்டனார். அதனால் முத்தவல்லி பதவி, அதாவது பள்ளியையும் ஜமாத்தையும் நடத்தும் பொறுப்பு, அந்தக் குடும்பத்திலேயே அப்பனிடமிருந்து மகனுக்கு வந்துகொண்டிருந்தது. ஹாஜா முகைதீனின் முறை வந்தபோது ஊர் கூடியது. எல்லாருக்கும் சம்மதந்தானே என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். அதை நிஜமாகவே கேட்டதாக எடுத்துக்கொண்டவர் நெய்னா முகம்மது ஒருவர்தான். எழுந்து நின்று, “நெலத்த எழுதிக் குடுத்தாக, சரி. அதுல நின்னு தொழுகுற ஆளுகளையுமா எழுதிக் குடுத்தாக?” என்று கேட்டுவிட்டார்.

இத்தனைக்கும் ஹாஜா முகைதீனைவிட ஒழுங்கான முத்தவல்லி அந்த ஊருக்குக் கிடைக்கமாட்டார் என்று அத்தாவே வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆள் சரி, ஆள் வந்த வழி சரியில்லை என்பது அவர் கட்சி. இந்த நுணுக்கமெல்லாம் தெருவில் எடுபடுமா? அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு அற்றுப்போனது. வசீமின் நிக்காஹுக்கு ஹாஜா முகைதீன் வந்தார். முத்தவல்லி என்ற முறையில் கையெழுத்துப் போட்டார். மாப்பிள்ளைக்கு துவா செய்தார். பிரியாணி வாசனை பந்தலெல்லாம் மணக்க, சாப்பிடாமல் எழுந்து போனார். அந்த முதுகு வசீமுக்கு இன்னமும் நினைவிருக்கிறது.

மீசையை முடித்துவிட்டுச் சமையற்கட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் நின்றிருந்தாள். அவள் சாதாரணமாகக் குரலைத் தாழ்த்தாதவள். அன்று தாழ்த்தினாள்.

“எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவுக சொன்னா சொல்லிட்டுப் போறாக. நீ கேட்டுரு.”

“என்னத்தம்மா?”

“மன்னிப்ப. அந்தக் கூட்டத்துக்கும் சேத்துக் கேட்டுரு. ஊருக்குள்ள ஒரு மனுசன் மனசுல கொறைய வச்சுக்கிட்டு இருக்கயில இவுக எப்படிப் போய்ப் படுப்பாக? கபுருக்குள்ள படுக்கப்போறது இவுகதான், இவுக கொள்கையா படுக்கப்போகுது?”

வசீம் சரி என்றான். அத்தாவிடமும் அப்படித்தான் சரி என்றிருந்தான். எல்லாரிடமும் சரி சொல்லியே நல்ல பெயர் வாங்கியவன் அவன். வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட, பொங்குவதற்குச் சம்மதம் வாங்கினீர்களா என்ற தினுசில் பேச்சைத் தொடங்கும் தகப்பனோடு வளர்ந்தவனுக்கு வேறு என்ன வழி? வாதம் கிளம்பும் வாசனை வந்தாலே எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவான். இப்போது போவதற்கு இடமில்லை. அவனுக்குப் பயமாக இருந்தது.

அத்தாவோடு எழுந்து போகாமல் வாதாடிய ஆள் ஒருவர்தான். காரங்காட்டு சவேரியார் சார். ராமநாதபுரத்துக் கல்லூரியில் அத்தா அரசியல் சிந்தனை வரலாறு நடத்தினார், அவர் உலக வரலாறு நடத்தினார். பாதிரியாருக்குப் படிக்கப் போய், குருப்பட்டம் வாங்குவதற்குச் சற்று முன்னால் மனம் மாறி பிரெசில்லா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டவர். காலை பஸ்ஸில் அத்தா முன்னதாகவே ஏறி இடம் போட்டிருப்பார். காரங்காடு விலக்கில் அவர் ஏறி உட்கார்ந்ததும், முதல்நாள் விட்ட இடத்திலிருந்து பேச்சு ஆரம்பிக்கும். ஆளுகிறவனுக்கு ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது? மேலேயிருந்து என்பார் சவேரியார். கீழேயிருந்து என்பார் அத்தா. வேலையில் இருந்த காலம் பூராவும் இதே கேள்விதான். இது கிரேக்கத்தில் முளைத்து, பாக்தாதில் அரபுக்கு மாறி, அங்கிருந்து ஸ்பெயின் வழியாகப் பாரிஸ் மடங்களுக்குப் போன கதையெல்லாம் தேவிப்பட்டினம் தாண்டுவதற்குள் வந்துபோகும்.

“உங்காளுக எங்காளுகட்டருந்து எடுத்ததுதான சார் அது?” என்பார் அத்தா.

“உங்காளுக மட்டும் சொந்தமாவா யோசிச்சாக? கிரேக்கன்கிட்டருந்து எடுத்ததுதான.”

சாயங்காலம் திரும்பும்போது பேச்சு முடியாவிட்டால் சவேரியார் விலக்கில் இறங்கமாட்டார். நேரே இங்கே வந்து, டீ குடித்து, வாசலில் நின்றும் அரைமணி பேசிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவார். சார், மேலருந்து வந்தாலும் கீழருந்து வந்தாலும் டிக்கெட் எடுக்கணும் என்று ஒரு கண்டக்டர் சொன்னதை இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அன்று அந்தி மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் நெய்னா முகம்மது போய்ச் சேர்ந்தார். எந்தக் கஷ்டமும் இல்லை. அம்மா கரண்டியால் ஜம்ஜம் தண்ணீர் கொடுத்தாள், இரண்டு வாய் குடித்தார். கலிமாவைத் தெளிவாகச் சொன்னார். மூன்றாவது கரண்டி கன்னத்து வழியே வழிந்தது. அம்மா அதை முந்தானையால் துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் அந்தக் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல் இருந்தாள். அத்தாவின் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. நல்ல பாடம் நடத்திவிட்டு வகுப்பிலிருந்து வருகிற நாட்களில் இருக்கும் அதே திருப்தி.

மறுநாள் காலையில் இலந்தை இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். வசீம்தான் தண்ணீர் ஊற்றினான். அழுகை வரும் என்று நினைத்திருந்தான். மாறாக, அந்த ஒல்லியான தோள்களைத் தொடும்போது, இத்தனை காலம் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே என்றுதான் தோன்றியது. கபன் துணி சுற்றி, கட்டுகளைப் போட்டு, சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கியபோது எடையே தெரியவில்லை.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகை முடிந்து பள்ளியின் முற்றம் நிறைந்திருந்தது. வரிசைகளுக்கு முன்னால் சந்தூக்கை இறக்கிவைத்தார்கள். முதல் வரிசையின் ஓரத்தில், முட்டுவலிக்காகப் போட்ட நாற்காலியில் ஹாஜா முகைதீன் உட்கார்ந்திருந்தார். வெளுத்த தாடி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. கண்களைத் தாழ்த்தியிருந்தார். முற்றத்தின் வாசலருகே, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சவேரியார் நின்றிருந்தார். கூட்டத்தில் கழுத்தில் ஜெபமாலை தெரியும் ஒரே ஆள் அவர்தான்.

“மையித்துடைய மகன் பேசலாம்,” என்றார் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்.

வசீம் எழுந்து சபையைப் பார்த்துத் திரும்பினான். அம்மா சொன்னதுபோல் பொதுவாகச் சொல்லிவிட்டால் போதும். யாரும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. வீடு திரும்பி, கேட்டுட்டேம்மா என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் ஆகாது. அப்படித்தான் தொடங்கினான்.

“அஸ்ஸலாமு அலைக்கும். எங்கத்தா யாருக்காச்சும் எதாச்சும் பாக்கி வச்சிருந்தா எங்கிட்டக் கேளுங்க, நான் பொறுப்பேத்துக்கிறேன். யாரு மனசயாச்சும் நோக வச்சிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சுருங்க.”

சபை முணுமுணுக்க வாயெடுத்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் கண் சந்தூக்கின் மேல் போய்விட்டது. இந்த மனிதர் முன்னால் பொதுவாகப் பேசித் தப்பித்து எத்தனை வருஷம் ஓட்டியாயிற்று என்று நினைத்தான். இன்றும் அப்படியே செய்தால் இனிமேல் சரிசெய்ய நாள் கிடையாது.

“ஒரு விசயத்துக்கு மட்டும் மன்னிப்புக் கேக்க வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்காக,” என்றான். “இங்கன நடந்த கூட்டத்துல பேசுனதுக்கு. அது தப்பில்லன்னு கடைசி வரைக்கும் நெனச்சாக. அத மறைக்கிறது எனக்குச் சரியாப் படல. அதனால நொந்திருந்தா அந்த நோவுக்கு நான் மன்னிப்புக் கேக்குறேன். பேச்சுக்கு இல்ல.”

எல்லாருடைய பார்வையும் ஹாஜா முகைதீன் பக்கம் போனது. அவர் நிமிரவில்லை. நாற்காலியின் கைப்பிடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தார். அடக்கத்தைச் சண்டையில் முடித்துவிட்டோமே என்று வசீம் நினைத்தான்.

அப்போது வாசல் பக்கமிருந்து, “எனக்கு ஒண்ணு பாக்கி இருக்கு,” என்று ஒரு குரல் வந்தது.

சவேரியார். செருப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி முன்னால் வந்தார். இளவட்டங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சாமி சத்தியமா வம்புக்குச் சொல்லல. பாக்கி இருந்தா கேளுங்கன்னு தம்பி சொன்னதால கேக்குறேன்,” என்றார் அவர். கண் சிவந்திருந்தது. “நெய்னா சார் எனக்கு ஒரு பதில் பாக்கி. அதிகாரம் சனங்ககிட்டருந்துதான் வருதுன்னு சாதிப்பாரு. போன தடவ வந்தப்ப ஒண்ணு கேட்டேன். சரி சார், அந்தச் சனமே ஒண்ணாக் கூடி ஒரு தப்பச் சரின்னு முடிவு பண்ணிட்டா, அது தப்புன்னு சொல்ல எவனுக்கு உரிமை இருக்கு? எல்லாருக்கும் மேல ஒருத்தன் வேணும்ல? அப்படின்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னாரு. என்னைக்குமே யோசிச்சுச் சொல்றேன்னு சொன்ன மனுசன் இல்ல அவரு. அதோட போயிட்டாரு.”

“நான் பொறுப்பேத்துக்கிறேன் சார்,” என்றான் வசீம். பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான், எதற்குப் பொறுப்பேற்றோம் என்று விளங்கி விழித்தான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஹஜ்ரத் கடிகாரத்தைப் பார்த்தார்.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. ஹாஜா முகைதீன் பக்கத்தில் நின்றவனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அந்தப் பாக்கிய நான் அடைக்கிறேன்,” என்றார்.

சந்தூக்குக்குப் பக்கமாக மெதுவாக நடந்து வந்து, சவேரியாரைப் பார்த்து நின்றார்.

“இதே முத்தத்துலதான் அன்னைக்கு ஊரு கூடுச்சு. எங்க குடும்பந்தான் இருக்கணும்னு அத்தன பேரும் கையத் தூக்குனாக. இவுக ஒருத்தருதான் தூக்கல. எந்திரிச்சு நின்னு, இது சரியில்லன்னாக. எனக்குன்னா கோவம். ஊரே சரின்னு சொல்றத தப்புன்னு சொல்ல ஒமக்கு யாருய்யா உரிமை குடுத்தான்னு நாந்தான் கேட்டேன். நீங்க கேட்ட அதே கேள்விதான் சார்.”

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

“அதுக்கு இவுக என்ன சொன்னாக தெரியுமா? ‘நாளைக்கு மஹ்ஷர்ல, தீர்ப்பு நாள்ல, அல்லா முன்னால நான் ஒத்தையாத்தான நிக்கணும், ஊரக் கூட்டிக்கிட்டா போக முடியும்? அங்கன ஒத்தையா பதில் சொல்ல வேண்டியவன் இங்கனயும் ஒத்தையாச் சொல்லலாம்’னாக. எனக்கு அன்னைக்கு வெளங்கல. வீட்டுக்குப் போயித்தான் வெளங்குச்சு. அதுக்கப்புறம் ஒரு கணக்கப் பாக்கயில, ஒரு பஞ்சாயத்துப் பேசயில, ஊரே எம் பக்கம் இருந்தாலும், இந்த மனுசன் என்ன சொல்லுவாருன்னு ஒரு தரம் நெனச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டதில்ல.”

பிறகு வசீமின் பக்கம் திரும்பினார். “அவுக பேசுனது சரியா தப்பான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது மாப்ள. ஆனா மன்னிக்கிறதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல.”

சவேரியார் வெள்ளைத் துணி போர்த்திய சந்தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது. அழப்போகிறார் என்று வசீம் நினைத்தபோது அவர் சிரித்தார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வந்தது.

“இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே. அல்லா முன்னால நிக்கணும்னு சொன்னா பாதி எம் பக்கம் வந்துரும்னு பயந்துபோயிச் சொல்லாம இருந்திருக்காரு. கள்ள மனுசன்.” வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாக்கி அடஞ்சுச்சு தம்பி. நல்லபடியாத் தொழுகுங்க.”

அவர் பின்வாங்கிப் போய், பழைய இடத்தில் கைகட்டி நின்றார். மன்னிச்சுட்டோம் என்று சபை சொன்னது. அந்த ஊரில் அந்த வார்த்தையை அவ்வளவு சத்தமாக யாரும் சொல்லி வசீம் கேட்டதில்லை. ஹாஜா முகைதீன் நாற்காலிக்குத் திரும்பிப் போகாமல், வசீமின் தோளோடு தோள் உரச வரிசையில் நின்றுகொண்டார். தொழுகையைத் தொடங்கத் தக்பீர் சொன்னார்கள்.

மையவாடியில் மூன்று கைப்பிடி மண் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மவுத்தான வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். சாப்பாடு வெளியிலிருந்து வரும். வாசலில் பெரிய சோற்றுத் தேக்சா இறங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டிலிருந்து என்று வசீம் கேட்கவில்லை, கொண்டுவந்த ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஹாஜா முகைதீன் வீட்டில் வேலை பார்ப்பவன்.

உள் அறையின் திரைக்குப் பின்னால் அம்மா வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். கணவனை இழந்தவளின் துக்கக் காலமான இத்தா முடியும்வரை இனி அவள் அந்தத் திரையைத் தாண்டி அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள்.

“கேட்டியாப்பா?”

“கேட்டேம்மா. ஆனா அதுக்கு மட்டும் கேக்கல.”

வசீம் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, முற்றத்தில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். மன்னிக்க ஒன்றுமில்லை என்று ஹாஜா முகைதீன் சொன்னதைச் சொல்லும்போது அவள் குனிந்து சேலை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் முடித்ததும் நிமிர்ந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“ரெண்டு பேரும் சாப்புட்டாகளா?” என்றாள். “போய்ப் பாரு. கறி காணாமப் போயிறப்போகுது.”

கூடத்தில் பாய் விரித்து சஹன் வைத்திருந்தார்கள். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தாம்பாளம் அது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு கடைசி சஹனில் ஹாஜா முகைதீன் ஒரு காலை நீட்டி, ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். எதிரே சவேரியார்.

“அதெல்லாம் சரி முத்தவல்லி,” என்றார் சவேரியார். சோற்றைப் பிசைந்த கை பிசைந்தபடியே இருந்தது. “ஒத்த ஆளு எந்திரிச்சு நிக்கிறான். ஊரு சொல்றது தப்புங்குறான். அவன் சொல்றதுதான் தப்பா இருந்தா? அதுக்கு நெய்னா சார் என்ன சொல்லியிருப்பாரு?”

“அத எங்கிட்டக் கேட்டா? நான் என்ன காலேஜிலயா படிச்சேன்?”

“நீங்கதான பாக்கிய ஏத்துக்கிட்டது.”

“அது ஒரு பாக்கிதான சார். இது புதுசு.”

“அவரும் இப்படித்தான் சொல்லுவாரு.”

ஹாஜா முகைதீன் ஒரு கறித்துண்டை எடுத்தார். எலும்பை விலக்கி, சதையைப் பிய்த்து, சஹனில் சவேரியாரின் பக்கமாக நகர்த்திவைத்தார். “மொதல்ல சாப்புடுங்க. யோசிக்கணும்,” என்றார்.

வசீம் தண்ணீர்ச் சொம்பை அவர்களுக்கு நடுவில் வைத்தான். எழுந்து போக நினைத்தவன், கையைக் கழுவிக்கொண்டு வந்து சஹனில் காலியாக இருந்த பக்கத்தில் உட்கார்ந்தான்.